பதினாலாம் நம்பர் வைக்கோல்

ராஜகீழ்ப்பாக்கம்,
12-2-1989

அன்புள்ள தம்பி ஜெயவேலுவுக்கு,

அக்கா கிளியம்மாள் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், என் மாடுகளைத் தவிர. அவைகளுக்கும் காய்ச்சல், கோமாரி என்று ஒன்றும் இல்லை. ஆனால் பால் கலப்படம் செய்யக் கற்றுக்கொண்டுவிட்டன. சிரிக்காதே. முழுக்கப் படி.

நீ உருவாக்கிக் கொடுத்த பதினாலாம் நம்பர் நெல் விதை நல்லபடியாக விளைந்தது. இந்த வருஷம் சேலையூர் ஏரியில் மாடு குளிப்பாட்டக்கூடத் தண்ணீர் நிற்கவில்லை. அக்கம்பக்கத்தில் நெல்லெல்லாம் பதராகப் போயிற்று. நம் வயலில் மட்டும் கதிர் தலை சாய்ந்து நின்றது. மாடம்பாக்கத்திலிருந்துகூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு அத்தனை பெருமையாக இருந்தது.

பொங்கலோடு பழைய வைக்கோல் போர் தீர்ந்தது. உன் நெல்லின் வைக்கோலைப் போட ஆரம்பித்தேன். பச்சைப்புல் ஒரு கட்டுகூடக் கிடைக்காத வருஷம், வைக்கோல்தான் எல்லாமே. அதிலிருந்துதான் ஆரம்பித்தது பேஜார். கிழக்குத் தாம்பரத்தில் யேசுதாசன் சார் இருக்கிறாரே, காலேஜில் கெமிஸ்ட்ரி லேப் பார்த்து ரிட்டயர் ஆனவர், அவர் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று தினமும் பாலில் பால்மானியைப் போட்டுப் பார்ப்பார். போன வாரம் அது தண்ணீர்ப் பாலில் இறங்குவது மாதிரி பொதக்கென்று உள்ளே போயிற்று. மனுஷர் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மறுநாள் மாட்டையே ஓட்டிக்கொண்டு போய் அவர் வீட்டு கேட்டில் கட்டி, அவர் கண்ணெதிரே, அவர் செம்பிலேயே கறந்தேன். நுரை அடங்கியதும் மானியைப் போட்டார். அப்போதும் இறங்கிற்று.

“என்ன கிளியம்மா, என் கண்ணு முன்னாடிதானே கறந்தே? அப்பறம் எப்படிம்மா டிகிரி இறங்குது?” என்றார். அவர் என்னைப் பார்த்தார், நான் மாட்டைப் பார்த்தேன்.

பால் சொசைட்டியிலும் இதே கதை. தலைவர் சின்னப்பன், “தண்ணி கொஞ்சம் தாராளமா கீதே அக்கா” என்று சிரித்துக்கொண்டே சொல்கிறான். சிரித்துச் சொன்னால் மட்டும் வலிக்காதா? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பால் ஊற்றுகிறேன். சொட்டுத் தண்ணீர் கலந்தவள் என்று ஒருத்தி சொன்னதில்லை. எனக்கு இருப்பது அந்தப் பேர் ஒன்றுதான்.

உன் மச்சான் வேறு, “உன் தம்பி நெல்லு தண்ணியே இல்லாம வளருது. மிச்சமான தண்ணியை மாடு பால்ல ஊத்துது” என்று கேலி பண்ணுகிறார். மாடு வைக்கோலை மெதுவாகத் தின்கிறது, தண்டையெல்லாம் ஒதுக்கிவிடுகிறது, தொட்டித் தண்ணீரை உறிஞ்சித் தள்ளுகிறது. காரணம் என்ன? நீ படித்தவன், சொல்.

அக்கா

*

மானாமதுரை அருகில்,
20-2-1989

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் தடவை சிரித்தேன், இரண்டாம் தடவை கொஞ்சம் கோபம் வந்தது.

முதலில் ஒரு விஷயம். மாடு எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் அது பாலில் வந்து சேராது. மச்சானிடம் சொல். இரண்டாவது, பால் டிகிரி இறங்க ஆயிரம் காரணம் இருக்கும். புல் இல்லை, வெயில் முன்னாலேயே வந்துவிட்டது, ஈன்று எத்தனை மாதம் ஆயிற்று, புண்ணாக்கைக் குறைத்தாயா, இதையெல்லாம் விட்டுவிட்டு நேரே என் வைக்கோல் மேல் பழியைப் போடுகிறாய். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

பதினாலாம் நம்பருக்கு ஆறு வருஷம் கொடுத்திருக்கிறேன் அக்கா. இந்த ஜூனில் ரக வெளியீட்டுக் கமிட்டி கூடுகிறது. ஒரு மழை குறைந்தாலும் தாங்கி நிற்கும் நெல் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்று இடத்தில் போட்டுப் பார்த்தோம். நெல்லும் நல்ல மகசூல், வைக்கோலும் அதிகம். எங்கள் நெல் ஆராய்ச்சி நிலையத்து வைக்கோலை வருஷா வருஷம் ஒரு துரும்பு விடாமல் வண்டி கட்டி வந்து வாங்கிப் போகிறார்கள். மாடு தின்னாத வைக்கோலை யார் வாங்குவார்கள்?

இருந்தாலும் நீ கேட்டுவிட்டாய். ஊகம் வேண்டாம், சோதித்துப் பார்த்துவிடலாம். பழைய ரக வைக்கோல் கொஞ்சம் கடன் வாங்கு. ஒரு மாட்டுக்கு அதைப் போடு, இன்னொன்றுக்கு என்னுடையதைப் போடு. புண்ணாக்கு, தவிடு இரண்டுக்கும் ஒரே அளவு. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து இரண்டுக்கும் மாற்றிப் போடு. மாற்றிப் போடுவதுதான் முக்கியம். இல்லாவிட்டால் அது வைக்கோல் வித்தியாசமா, மாட்டு வித்தியாசமா என்று தெரியாது.

முடிவு எதுவானாலும் எழுது. எனக்கும் தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது.

ஜெயவேலு

*

ராஜகீழ்ப்பாக்கம்,
27-3-1989

தம்பிக்கு,

கூடம் கோணல்தான். அளந்து பார்த்துவிட்டேன்.

மாடம்பாக்கம் பொன்னுசாமியிடம் பழைய ரக வைக்கோல் ஒரு வண்டி வாங்கினேன். ‘டீச்சர்’ என்று ஒரு கலப்பினப் பசு இருக்கிறதே, ஒரு டீச்சரம்மாவிடம் வாங்கியது, அதற்குப் பழைய வைக்கோல். செவலை மாட்டுக்கு உன்னுடையது. ஒரு வாரத்தில் டீச்சரின் பால் நிமிர்ந்துவிட்டது. செவலையின் பால் அப்படியே படுத்துக் கிடந்தது. பிறகு நீ சொன்னபடி மாற்றிப் போட்டேன். செவலை நிமிர்ந்தது, டீச்சர் படுத்தது. மானி போட்டுப் பார்த்தது நான் இல்லை, யேசுதாசன் சார். எந்தச் செம்பு எந்த மாட்டுடையது என்று அவருக்கு நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. ஆனால் கடைசி நாளில், “ஏதோ பரிட்சை நடக்குதுன்னு மட்டும் தெரியுது” என்றார்.

என் மேலும் ஒரு தப்பு உண்டு, மறைக்கவில்லை. உப்புத்தான் காரணம், அதனால்தான் மாடு தண்ணீர் குடிக்கிறது என்று முதலில் நினைத்துக்கொண்டேன். உன் வைக்கோலைக் கிணற்றடியில் அலசி, காய வைத்துப் போட்டேன். இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம். பால் ஒரு கோடுகூட ஏறவில்லை. அப்புறம் தண்டைக் கடித்துப் பார்த்தேன். உப்பும் இல்லை, ஒன்றும் இல்லை, பல்லில் மணல் மாதிரி நறநறவென்றது. விளிம்பில் கை வைத்தால் அறுக்கிறது. தின்ன முடியாமல் விடுகிறதா, தின்றது வயிற்றில் கரையாமல் நிற்கிறதா, எது?

இப்போது உன்னை ஒன்று கேட்கிறேன். ஆறு வருஷம் என்று எழுதினாயே. அந்த ஆறு வருஷத்தில் ஒரே ஒரு மாடாவது இந்த வைக்கோலைத் தின்று நீ கண்ணால் பார்த்தாயா? வண்டி கட்டி வாங்கிப் போகிறார்கள் என்கிறாய். வாங்கிப் போகிறவர்கள் என்ன செய்கிறார்கள்?

சொசைட்டியில் மற்றவர்கள் என் கேனைப் பார்க்கும்போதே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். சீக்கிரம் பதில் போடு.

அக்கா

*

மானாமதுரை அருகில்,
8-4-1989

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. மறுநாளே வைக்கோல் வண்டியோடு சைக்கிளில் கிளம்பினேன். வண்டி எந்த மாட்டுத் தொழுவத்துக்கும் போகவில்லை. நேராகக் குயவர் தெருவுக்குப் போயிற்று.

அங்கே பானைகளை அடுக்கி, மேலே வைக்கோலைப் பரப்பி, சேறு பூசிச் சூளை போடுகிறார்கள். “ஒங்க வைக்கோலுதான் சார் வேணும். எரிஞ்ச பெறகும் சாம்பலு கூடு மாதிரி நிக்கும், சூடு வெளிய போகாது” என்று ஒருவர் என்னைப் பாராட்டினார். மாட்டுக்குப் போடுவதுண்டா என்று கேட்டேன். “இத எங்க சார் மாடு திங்கப் போகுது” என்றார். அவர் தந்த மோரைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். நான் அறிக்கையில் ‘வைக்கோலுக்கு நல்ல வரவேற்பு’ என்று எழுதி வைத்திருக்கிறேன் அக்கா. வருஷா வருஷம்.

இங்கே கால்நடைத் தீவனம் பார்க்கும் சம்பந்தம் என்று ஒரு நண்பர். அவரிடம் ஒரு கட்டைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். நீ பல்லில் கண்ட மணல் சரிதான், மண்ணிலிருந்து பயிர் உறிஞ்சும் மணல் சத்து. வறட்சியில் தண்டு துவளாமல் நிமிர்த்தி வைப்பதே அதுவும் நாரும்தான். பயிரை எது காப்பாற்றுகிறதோ அதுவே மாட்டின் வயிற்றில் கரைய மாட்டேன் என்கிறது. வயிறு நிறைந்தும் மாடு பட்டினி. பட்டினி மாட்டின் பாலில் சத்து குறையும், டிகிரி இறங்கும். உன் இரண்டு கேள்விக்கும் ஆமாம் என்பதுதான் பதில். எனக்கு இது இத்தனை வருஷம் தோன்றவே இல்லை என்பதுதான் ஆச்சரியம்.

வழி இருக்கிறது. யூரியா. பயப்படாதே. நூறு கிலோ வைக்கோலுக்கு நாலு கிலோ யூரியா, அறுபது லிட்டர் தண்ணீரில் நன்றாகக் கரைத்து, அடுக்கு அடுக்காகத் தெளித்து, மிதித்து, தார்ப்பாயால் காற்றுப் புகாமல் மூடு. மூன்று வாரம் திறக்காதே. உள்ளே எழும் ஆவி தண்டை இளக்கிவிடும். திறந்ததும் நெடி மூக்கைத் துளைக்கும், பரப்பி ஆற வைத்த பிறகுதான் போட வேண்டும். கன்றுக்குட்டிக்குக் கூடாது. யூரியாவைத் தனியாக எந்த மாடும் நக்கிவிடக் கூடாது, உயிர் போய்விடும். கரைத்த தண்ணீரையும் குடிக்க விடாதே.

இன்னும் ஒன்று. எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கமிட்டி கூடும்வரை இந்த வைக்கோல் விஷயம் வெளியே போக வேண்டாம். கமிட்டியில் இருக்கும் ஒருவருக்கு உன் ஊருக்குப் பக்கத்திலேயே அஸ்தினாபுரத்தில் வீடு. பால் சொசைட்டிப் பேச்சு எங்கே போகும் என்று உனக்குத் தெரியும். எனக்காக இந்த ஒன்றை மட்டும் செய்.

ஜெயவேலு

*

ராஜகீழ்ப்பாக்கம்,
20-5-1989

தம்பிக்கு,

நல்லதை முதலில் சொல்கிறேன். தார்ப்பாயைத் திறந்தபோது கண்ணில் தண்ணீர் கொட்டிற்று. உன் மச்சான் தெருக்கோடி வரை ஓடிப்போய் நின்றார். வைக்கோல் பழுப்பாக, துணி மாதிரி குழைந்து கிடந்தது. ஆற வைத்துப் போட்டேன். டீச்சர் முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டது, மூன்றாம் நாள் தொட்டியை நக்கியது. நேற்று எல்லா மாட்டுப் பாலும் முன்பு போல நிமிர்ந்துவிட்டது. இது எப்படி நடக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கிறது. வயலுக்குப் போடுகிற உப்பு போன்ற சாமான், மூடி வைத்தால் இவ்வளவு வேலை செய்யுமா?

இனி கெட்டது. யூரியா மூட்டையை நான் தொழுவத்துக்குள் தூக்கிப் போனதை எதிர்வீட்டுச் செல்லியம்மாள் பார்த்திருக்கிறாள். “வயல்ல ஒரு பயிரு இல்ல, இவ யூரியா தூக்கினு மாட்டாண்ட போறா. இன்னாத்துக்கு?” என்று குழாயடியில் ஆரம்பித்திருக்கிறாள். பிறகு அந்த நெடி. அதற்கப்புறம் பால் திடீரென்று கெட்டியாகிவிட்டது. மூன்றையும் சேர்த்து ஊரே ஒரு கணக்குப் போட்டுவிட்டது. பாலில் யூரியா கலந்தால் தண்ணீர் ஊற்றியது தெரியாதாமே? எனக்கு அப்படி ஒரு வித்தை இருப்பதே இப்போதுதான் தெரியும். பால் கெட்டபோது தண்ணீர் ஊற்றினேன், பால் தேறியதும் யூரியா கலக்கிறேன். பனைமரத்தடியில் பாலைக் குடித்தாலும் கள் என்பார்கள், நான் பாலையே ஊற்றிக் கள் என்று பேர் வாங்கியிருக்கிறேன்.

யேசுதாசன் சார் வீட்டில் நேற்று அருள்மேரி அம்மா கேட்டுக்குப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டார். “சார் பாக்கெட் பால் வாங்கிக்கலாம்னு சொல்றார்மா. வயசாச்சு, யூரியா கீரியான்னு பயப்படறார்” என்றார். சார் உள்ளே பேப்பருக்குப் பின்னால் இருந்தார். மானி போட்டுச் சந்தேகப்பட்டபோதுகூட என்னை நேராகப் பார்த்த மனுஷர்.

இது வைக்கோலுக்கு, தம்பி சொல்லிச் செய்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. நாக்கு நுனி வரை வந்தது. நீ கேட்டுக்கொண்டதற்காக விழுங்கிவிட்டேன். எத்தனை நாள் விழுங்குவது?

அக்கா

*

மானாமதுரை அருகில்,
26-5-1989

அன்புள்ள அக்காவுக்கு,

கமிட்டி ஜூன் பதினாலாம் தேதி. இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. அதுவரை பொறுத்துக்கொள். யாராவது கேட்டால், யூரியா வயலுக்கு வாங்கி வைத்தது என்று சொல். கமிட்டி முடிந்த மறுநாளே நானே வந்து எல்லோரிடமும் விளக்கிச் சொல்கிறேன்.

இதை எழுதும்போது எனக்குச் சரியாக இல்லை. ஆனாலும் அனுப்புகிறேன்.

ஜெயவேலு

*

ராஜகீழ்ப்பாக்கம்,
5-6-1989

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். பால் நன்றாக இருக்கிறது. மாடுகள் வைக்கோலை மிச்சம் வைக்காமல் தின்கின்றன. வேறு விசேஷம் இல்லை. நீ கமிட்டியைக் கவனி. நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு போ.

அக்கா

*

மானாமதுரை அருகில்,
18-6-1989

அன்புள்ள அக்காவுக்கு,

வேறு விசேஷம் இல்லை என்று எழுதியிருந்தாய். நீ என்னைத் திட்டாமல் எழுதிய முதல் கடிதம் அது. அதனால் பயந்து மச்சானுக்குத் தந்தி கொடுத்தேன். அவர் நிலையத்துக்கு டிரங்க் கால் போட்டார்.

சொசைட்டிக் கூட்டத்தில் சின்னப்பன் எல்லோர் முன்னாலும் உன்னைக் கேட்டாராமே. யூரியா வயலுக்கு என்று நீ சொன்னாயாம். காய்ந்த வயலுக்கா என்று எல்லோரும் சிரித்தார்களாம். உன் கேனை வரிசையிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிட்டார்களாம். “உங்க அக்கா ஒண்ணுமே பேசல மச்சான். கேனைத் தூக்கினு வூட்டுக்கு வந்துட்டா. பாலை எல்லாம் உறை ஊத்தி வெச்சா. அவ்ளோ தயிரை இன்னா பண்றது சொல்லு” என்றார் மச்சான். அவர் வழக்கம்போலக் கேலியாகத்தான் சொன்னார், ஆனால் குரல் அப்படி இல்லை. நான் சொல்லிக் கொடுத்த பொய்யை நீ சொன்னாய், அதற்கான சிரிப்பையும் நீயே வாங்கிக்கொண்டாய். போனை வைத்துவிட்டு அழுதேன் அக்கா. சம்பந்தம் பக்கத்தில் இருந்தார், வெளியே போய் நின்றுகொண்டார்.

பதினாலாம் தேதி கமிட்டி. நெல்லைப் பற்றிப் பேச்சே இல்லை, எல்லோருக்கும் திருப்தி. தலைவர் அடுத்த ரகத்துக்குப் போகலாமா என்று கேட்கும்போது நான் எழுந்து நின்றேன். இதன் வைக்கோலை மாடு செரிக்காது, பால் இறங்குகிறது, யூரியா போட்டுப் பதப்படுத்தினால் சரியாகிறது, இரண்டையும் என் அக்கா வீட்டு மாடுகளில்தான் கண்டேன், ஆறு வருஷமாக நான் வைக்கோலை எடை மட்டும்தான் போட்டேன் என்றேன்.  பிறகு ஒருவர், “ஜெயவேலு, இது உங்க ரகம்தானே?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் பாதிதான் எனக்கு வந்திருக்கும், மீதியை நீ ஏற்கெனவே வாங்கிவிட்டாய்.

தள்ளி வைத்துவிட்டார்கள். விவசாயிகளின் வயலில் போட்டு, கறவை மாட்டுக்கு வைக்கோலைத் தின்னக் கொடுத்து, இரண்டு வருஷம் பார்த்துவிட்டு வரச் சொல்கிறார்கள். யேசுதாசன் சாருக்கும் சின்னப்பனுக்கும் இதே தபாலில் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். நேரில் வர இன்னும் லீவு கிடைக்கவில்லை. வந்தால் கதவைத் திறப்பாயா?

ஜெயவேலு

*

ராஜகீழ்ப்பாக்கம்,
3-7-1989

தம்பிக்கு,

உன்னை யார் அங்கே எழுந்து நிற்கச் சொன்னது? பதினாலாம் தேதியை நினைத்து நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நீ என்னவென்றால் அதே தேதியில் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வந்திருக்கிறாய். உன் கடிதத்தைப் படித்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். பிறகு தொழுவத்தில் போய் உட்கார்ந்து அழுதேன். உன் ஆறு வருஷத்தை நினைத்துப் பாதி, இனி வாயைத் திறக்கலாம் என்பதற்காகப் பாதி.

யேசுதாசன் சார் உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு, அருள்மேரி அம்மாவோடு நடந்தே வந்தார். வந்ததும் மன்னிப்பு கின்னிப்பு என்று இழுத்தார். நான் பேசவிடாமல் தார்ப்பாயைத் தூக்கிக் காட்டினேன். ஒரு கை வைக்கோலை எடுத்து முகர்ந்து, இரண்டு தும்மல் போட்டார். அவ்வளவுதான், மன்னிப்பு மறந்துபோயிற்று. எத்தனை நாள், எவ்வளவு தண்ணீர், ஏன் பழுப்பாகிறது, வெயில் காலத்தில் சீக்கிரம் ஆகுமா என்று வெயில் ஏறும்வரை கேள்வி. பால் கேட்டார். “இருக்கறதை வேற வூட்டுக்குச் சொல்லிட்டேன் சார், அடுத்த வாரத்திலேருந்து பாக்கலாம்” என்றேன். வைத்துக்கொண்டே இல்லை என்றேன். எனக்கும் கோபம் இருக்காதா?

சொசைட்டியில் சின்னப்பன் உன் கடிதத்தை உரக்கப் படித்தானாம். “வைக்கோலுக்கா யூரியா? அத்த மொதல்லயே சொல்லித் தொலைச்சா இன்னா?” என்றாளாம் செல்லியம்மாள், ஏதோ நான் அவளுக்குக் கெடுதல் செய்த மாதிரி. என் கேன் திரும்பவும் வரிசைக்கு வந்துவிட்டது. கூட்டத்தில் வெளியே வைத்தது மட்டும் மனசிலிருந்து போகவில்லை. போகும்போது போகட்டும்.

மறுநாள் சின்னப்பன் தனியாக வீட்டுக்கு வந்தான். உன் நெல் வேண்டுமாம். நான் உஷாராக வைக்கோலைப் பற்றித்தான் முதலில் சொன்னேன். மாடு பட்டினி கிடக்கும், பால் இறங்கும், மூன்று வாரம் மூடி வைக்க வேண்டும், நெடி தாங்காது, அஜாக்கிரதையாக இருந்தால் மாடே செத்துப்போகும், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். நன்றாகக் கேட்டுக்கொண்டு, “இருக்கட்டும் அக்கா. போன தையில எனக்கு நெல்லும் இல்ல, வைக்கோலும் இல்ல. மூடி வெச்சா இளகற வைக்கோல் இருந்தா நான் மூடி வெச்சிக்கினு போறேன். ரெண்டு வருஷமும் என் வயல்லயே போடச் சொல்லு உன் தம்பியை” என்றான். அவனைப் பார்த்து இன்னும் மூன்று பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

ஏப்ரலிலேயே நான் இதைச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டேன். “இதேதான் சொல்லியிருப்பேன். இதுல மறைக்க இன்னா கீது?” என்றான்.

நீ வா. கதவு திறந்துதான் இருக்கிறது, தயிர்தான் தீர்ந்துவிட்டது. நாம் இரண்டு பேரும் யாருக்குப் பயந்து இத்தனை மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தோம் என்று தினமும் பால் கறக்கும்போது யோசித்துப் பார்க்கிறேன். எனக்குப் பிடிபடவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

அக்கா